சிஸ்டர் இங்கோல்ட் அழிக்காத எண்

மேடையில் வீற்றிருக்கும் டாக்டர் ஸ்டால்டர் அவர்களே, இந்தத் தேவாலய மண்டபத்தை நமக்காகத் திறந்துவைத்த திருமதி ஹேபெர்லி அவர்களே, மில் தெரு இல்லத்தின் செவிலியர்களே, காலையும் மாலையும் அந்த இல்லத்தின் படியேறும் அன்பர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் நோரா கேஸர். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் நம்மைவிட்டுப் பிரிந்த தலைமைச் செவிலியர் ரோஸ்மரி இங்கோல்ட் அவர்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். இங்கே பேசிய பெரியவர்கள் அவருடன் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவர்கள். நான் அவருக்கு ஒரே ஒரு நாள்தான் உதவினேன். அதுவும், நானே இழுத்துவைத்த வம்பைத் தீர்ப்பதற்காக!

என் அப்பா ஊர்ஸ் கேஸர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ரயில் நிலையத்தில் உங்கள் சைக்கிள்களைப் பழுதுபார்ப்பவர் அவர்தான். நான் பிறப்பதற்கு முன்பே அவர் ஹெராயினுக்கு அடிமையானவர். எட்டு முறை விட்டார். எட்டு முறையும் திரும்ப விழுந்தார். வேறு மருந்துகளும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. கடைசியில் மில் தெரு இல்லம் அவரைச் சேர்த்துக்கொண்டது. தெருவில் எவனோ எதையோ கலந்து விற்ற அதே பொருளை, அங்கே சுத்தமாக, அளந்து, காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் செவிலியரின் கண்முன்னே ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். "அரசாங்கமே விஷம் கொடுக்கிறதா?" என்று இந்த ஊர் ஒரு காலத்தில் கேட்டது. அந்த விஷத்தால் போயிருக்க வேண்டிய என் அப்பா, அங்கே சேர்ந்து பதின்மூன்று ஆண்டுகளாக வேலைக்குப் போகிறார், வாடகை கட்டுகிறார், என் கணக்குப் பாடத்தில் தப்பு கண்டுபிடிக்கிறார்! இதற்குப் பெயர் விஷமா?

அந்த இல்லத்தின் வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சிஸ்டர் இங்கோல்ட். கையைக் கழுவியாயிற்றா என்று பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், மதுவைக் காட்டும் கருவியில் ஊதச் சொல்வார். மதுவும் அந்த மருந்தும் உடம்பில் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். அதனால் கருவி பூஜ்யம் காட்டினால்தான் உள்ளே போக முடியும். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'கஸ்டம்ஸ்'. அவருக்கும் அது தெரியும். "என்ன கேஸர், கஸ்டம்ஸ்ல சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்று அவரே கேட்பார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிகளுக்கிடையிலான வாசிப்புப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு நான் தேர்வானேன். மலைக்கு அந்தப் பக்கம், பெல்லின்சோனாவில். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். அப்பா வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் பதினோரு ஆண்டுகளாக அப்பா இந்த ஊருக்கு வெளியே ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை. காலை ஏழு, மாலை நான்கு! அந்த இரண்டு மணிகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் போய்விட முடியும்?

ஒரே ஒரு வழி இருந்தது. தொடர்ந்து நூற்று எண்பது நாள் ஒரு குறையும் இல்லாமல் வந்தால், இரண்டு வேளை மருந்தை மாத்திரையாக முத்திரையிட்டுக் கையில் கொடுப்பார்கள். போட்டிக்கு ஆறு மாதம் இருந்தது; அப்பா எண்ணத் தொடங்கினார். சமையலறை நாள்காட்டியில் தினமும் ஒரு கோடு.

நூற்று எண்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பள்ளி விட்டதும் பேக்கரிக்கு ஓடி ஒரு முழு கேக் வாங்கினேன். செர்ரிச் சாராயத்தில் ஊறவைத்த கேக்! நம் ஊரில் எந்த விசேஷத்துக்கும் அதுதானே? இல்லத்தின் வாசலிலேயே ஒரு துண்டை அப்பாவின் வாயில் திணித்தேன். நேரமாகிவிட்டது என்று அவர் இரண்டே கடியில் விழுங்கிவிட்டு உள்ளே போனார்.

பதினெட்டு வயதாகாதவர்களுக்கு முன்னறைப் பெஞ்சு வரைதான் அனுமதி. அங்கிருந்து பார்த்தேன். அப்பா ஊதினார். கருவி 0.3 காட்டியது.

அப்பாவின் முகம் சாம்பலாகிப் போனது. ஆனால் பெற்ற மகளை அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

நான்தான் கத்தினேன். "சிஸ்டர்! நான்தான் குடுத்தேன்!"

"என்னம்மா குடுத்த?"

"கேக்கு!"

சிஸ்டர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். "அடக் கடவுளே! தெருவுல விக்கிறவனால கவுக்க முடியாத மனுஷனை ஒரு கேக்கு கவுத்துடுச்சா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அழுதேன். சிஸ்டர் அப்பாவிடம் தண்ணீர் கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொல்லி உட்காரவைத்தார். பிறகு நோட்டை எடுத்து அந்த எண்ணை எழுதப் போனார்.

"எழுதாதீங்க சிஸ்டர்! திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணும். அப்பா வர முடியாது!"

"எழுதத்தான் செய்வேன். இன்னிக்கு உங்க அப்பாவுக்காக ஒண்ணை மறைச்சா, நாளைக்கு உங்க அப்பாவுக்கு நான் நல்லதா எழுதுறதை யாரு நம்புவா?"

எழுதினார். 0.3. அந்த நிமிடம் அவரை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா!

இருபது நிமிடம் கழித்து அப்பா மறுபடி ஊதினார். பூஜ்யம். மாலை மருந்து கிடைத்தது. ஆனால் டாக்டர் ஸ்டால்டர் நோட்டைப் பார்த்து நம்பாமல் தலையாட்டினார். டாக்டர் மன்னிக்க வேண்டும், நீங்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ரோஸ்மரி, ஒரு துண்டு கேக்குல இவ்வளவு வருமா? வெளியூருக்குக் குடுக்கிற மருந்து இது. ஏதாவது ஆச்சுன்னா இந்த வீட்டையே மூடிடுவாங்க."

"வருமா வராதான்னு பார்த்துடலாமே டாக்டர். ஆறு மணிக்கு என் டியூட்டி முடியுது."

சரியாக ஆறு மணிக்கு சிஸ்டர் தன் பெயர் அட்டையைக் கழற்றி வைத்தார். வாழ்நாளில் மதுவைத் தொடாதவர் அவர்! என்னிடம் திரும்பி, "கைல வாட்ச் கட்டியிருக்கல்ல? நோட்டு இருக்கா? நீ எழுது," என்றார். ஒரு பெரிய துண்டை வெட்டி இரண்டே கடியில் விழுங்கினார்.

"சீ! இதுல கேக்கு எங்க இருக்கு? முழுக்கச் சாராயம்தானே!"

ஊதினார். 0.4!

"கஸ்டம்ஸே மாட்டிக்கிச்சு!" என்று முன்னறையே அதிர்ந்தது. "சிஸ்டரை உள்ளே விடாதீங்க!" என்று ஒருவர் கத்தினார். சிஸ்டர் வாயைக் கொப்பளித்துவிட்டு, அப்பா உட்கார்ந்த அதே நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்தார். நான் எழுதினேன். ஐந்தாம் நிமிடம் 0.2. பத்தாம் நிமிடம் 0.1. பதினைந்தாம் நிமிடம் பூஜ்யம். குடித்த மது இவ்வளவு சீக்கிரம் இறங்காது, இது வாயில் ஒட்டிய சாராயம்தான்!

டாக்டர் கருவியை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒருத்தரை வச்சு முடிவு சொல்ல முடியாது. எனக்கும் ஒரு துண்டு வெட்டும்மா."

அவருக்கு 0.3 வந்தது. அப்பாவுக்கு வந்த அதே எண்!

சிஸ்டர் நோட்டைத் திறந்தார். பழைய எண்ணை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் எழுதினார்: 'கேக். இருபது நிமிடத்தில் பூஜ்யம். நானும் டாக்டரும் தின்று பார்த்தோம். நேரம் குறித்தவர் நோரா கேஸர்.' டாக்டர் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை முத்திரையிட்ட இரண்டு உறைகளை அப்பாவின் கையில் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உங்களை இந்த வாசல்ல பார்க்கணும் கேஸர். கேக்கு இல்லாம," என்றார். பெல்லின்சோனாவில் எனக்கு நான்காம் இடம்தான். ஆனால் மூன்றாம் வரிசையில் அப்பா இருந்தார்! நான் கடைசிப் பக்கத்தை முடிப்பதற்குள்ளேயே அவர் கைதட்டிவிட, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞாயிறு மூன்று நாற்பதுக்கு நாங்கள் வாசலில் நின்றோம்.

அவையோரே! உண்மையை மறைப்பதுதான் அன்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். பள்ளிப் படிவங்களில் அப்பாவைப் பற்றி 'வெளியூரில் வேலை' என்றுதான் எழுதிவந்தேன். சிஸ்டர் இங்கோல்ட் எங்களுக்காக ஓர் எண்ணைக்கூட மறைக்கவில்லை. ஆனால் அந்த எண் மட்டுமே என் அப்பா என்று யாரும் முடிவு கட்ட அவர் விடவும் இல்லை. அதற்காகத் தன் வாழ்நாள் விரதத்தையே ஒரு கேக்குக்கு விட்டுக்கொடுத்தார்! இப்படி ஒருவர் நம் ஊரில் வாழ்ந்தார் என்பது நமக்குப் பெருமை இல்லையா?

அவர் நோட்டை இனி யார் எழுதுவது? மேசையில் இருப்பதை இங்குள்ள செவிலியர்கள் எழுதுவார்கள். வெளியே எழுத வேண்டியதை நான் எழுதுவேன். இந்த ஆண்டுப் படிவத்தில் ஏற்கனவே எழுதிவிட்டேன்: 'தந்தை ஊர்ஸ் கேஸர். ஹெராயின் சிகிச்சையில் இருப்பவர். சைக்கிள் பழுதுபார்ப்பவர்.' அப்பாவிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்றார்.

இப்போது மணி மூன்று நாற்பது. மறைந்தவர்களுக்காக எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவது நம் வழக்கம். நான்கு மணிக்கு மில் தெரு இல்லத்தின் கதவு திறக்கும். இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு நாளும் அது தாமதமாகத் திறந்ததில்லை. தன் பெயரைச் சொல்லி யாரும் தாமதமாக வந்தால் சிஸ்டருக்குப் பிடிக்காது. ஆகவே, அங்கே போக வேண்டியவர்கள் இப்போதே எழுந்திருங்கள். யாரும் தலைகுனிய வேண்டாம். நீங்கள் நடந்து போகும்வரை மற்றவர்கள் நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்போம். சிஸ்டருக்கு நம் அஞ்சலி அதுவாகவே இருக்கட்டும்.

அப்பா, நீங்கள் முதலில்.