மூன்று குளிசைகளும் ஒரு சஹனும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அலை முழங்கும் கடல் ஒரு புறம், அறுவடை முடிந்த வயல் மறு புறம், இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் நமது மண்டபத்தின் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கண்ணியமிக்க ஹஸன் ஹாஜியார் அவர்களே! துஆ ஓதித் தொடக்கி வைத்த மௌலவி அவர்களே! முன்வரிசையை நிறைத்து எங்களைப் பெருமைப்படுத்தும் மூத்தோர்களே! காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் அழைப்பை மதித்து வந்திருக்கும் அன்புத் தமிழ் உறவுகளே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் உம்மாமார்களே, ராத்தாமார்களே, தங்கைமார்களே! ஊர் உண்டு எழுந்த பின் உண்ண உட்காரும் சமையற்கட்டுச் சகோதரிகளே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தியும் கருணையும் பொழியட்டும். அயலூர் உறவுகளுக்கு என் அடக்கமான வணக்கம்.

நிகழ்ச்சி நிரலின் ஐந்தாவது வரியைப் பார்த்து நீங்கள் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. ‘கோப்பை கழுவும் குளிசைகள்: ஓர் ஒப்பீடு. உரை: மீராசா, மண்டபச் செயலாளர், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்.’ அமிலம் பற்றியும் காரம் பற்றியும் முப்பத்திரண்டு வருடம் முழங்கிய வாய், இன்று எச்சில் கோப்பையைப் பற்றிப் பேச ஏறியிருக்கிறதே என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நான் தடுக்கவில்லை. சிரித்து முடிந்ததும் செவிசாயுங்கள். ஏனென்றால் இன்று இந்த மேடையில் நான் எடைபோட வந்திருப்பது குளிசையை மட்டும் அல்ல.

கையால் கழுவினால் போதாதா, மெசின் எதற்கு என்று முன்வரிசையிலிருந்து ஸப்ரி நானா கேட்கிறார். நல்ல கேள்வி. பதினொரு வருடம் கையால்தான் கழுவினோம். நாம் கழுவவில்லை நானா, மைமூனா ராத்தா கழுவினார். இந்த மண்டபத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் நீங்கள் ஆறாறு பேராய்ச் சுற்றியிருந்து உண்ட ஒவ்வொரு சஹன் தட்டும் அவர் கையால் துலங்கியது. சென்ற வருடம் டோஹாவிலிருந்து வந்த ஹாஜியாரின் மகள் நிப்லா, சவர்க்காரத் தூளில் ஊறி வெடித்துப் போயிருந்த அந்தக் கைகளைப் பார்த்தார். போன கையோடு, சவர்க்காரக் குளிசை போட்டுக் கோப்பை கழுவும் மெசின் ஒன்றை அனுப்பி வைத்தார்.

அது வீட்டுக்கென்று செய்த மெசின். நாற்பது சஹன்களை அது தாங்காது. மேல்தட்டைக் கழற்றிவிட்டால் நாலு சஹன்களை நிறுத்தி வைக்கலாம். ஆகவே மாப்பிள்ளை வீட்டு மூத்தோருக்கு வைக்கும் நாலு சஹன்களை மட்டும் அதில் போடுவதென்று தீர்மானித்தோம். மைமூனா ராத்தா இரண்டு மாதம் அதை ஓட்டினார். ஒரு குறையும் இல்லை, ஒரு முறைப்பாடும் இல்லை.

பிறகு வந்தது அந்த வலீமா, அந்தக் கல்யாண விருந்து.

அட்டாளைச்சேனை மாப்பிள்ளை. ஐநூறு பேர் விருந்து. பெண்வீட்டாரின் முதல் பந்தி முடிந்து, அதே சஹன்களைக் கழுவி மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்க வேண்டும். நேரமோ நெருக்கியது. நானும் சமையற்கட்டுக்குள் போனேன். அங்கே நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் இறங்க மாட்டேன்.

பந்தி விரித்தாயிற்று. சஹனைச் சுற்றி ஆறாறு பேர் அமர்ந்தார்கள். நெய்ச்சோறு குறையக் குறைய, மாப்பிள்ளையின் பெரியவாப்பாவின் விரலில் ஏதோ நெருடியது. சோற்றை ஒதுக்கிப் பார்த்தார். முதல் பந்தியில் சிந்திய வட்டிலப்பம், தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியுமாய் இறுகி, சஹனின் அடியில் ஒட்டிக் கிடந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

காரைதீவு உறவுகளுக்காக ஒன்றை விளக்க வேண்டும். சஹனில் ஆறு பேர் உட்கார்ந்தால், ஆறு பேரும் முடிக்கும் வரை ஒருவரும் எழுவதில்லை. முந்தி முடித்தவர்கூட மற்றவர் கூச்சப்படாதிருக்கச் சோற்றைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் எழுந்தால் என்ன பொருள்? அவரோடு ஐந்து பேரும் எழுந்தார்கள், அடுத்த சஹனும் எழுந்தது, அதற்கடுத்த சஹனும் எழுந்தது. பெண்ணின் வாப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது நான் என்ன செய்தேன்? படித்தவன் என்ன செய்தேன்? பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய செயலாளர் என்ன செய்தேன்? மைமூனா ராத்தாவைச் சமையற்கட்டிலிருந்து கூப்பிட்டேன். அத்தனை பேருக்கும் முன்னால், சஹனைக் கழுவாமலே வைத்திருக்கிறாய் என்றேன். வயதில் என்னைவிட இளையவர் என்றாலும் ஊரே ராத்தா என்று மரியாதையாய் அழைக்கும் ஒருவரை, ‘நீ’ என்று பேசினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “மெசின்ல வெச்சன் சேர். குளிசையும் போட்டன். அல்லாஹ் அறிய போட்டன்” என்றார்.

பொய் சொல்லாதே என்றேன்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து, அடுப்பங்கரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இந்த மண்டபத்துக்குள் அவர் வேலைக்கு வரவில்லை. இந்த மண்டபம் மட்டுமா? ஊரில் எந்தக் கல்யாண வீட்டிலும் அவரைச் சமையலுக்குக் கூப்பிடவில்லை. கழுவாத சஹனில் சோறு போட்டவர் என்ற பெயர் வீதி வீதியாய்ப் போய்விட்டது. அந்தப் பெயரை வைத்தது நான்.

இனிக் குளிசைக்கு வருகிறேன்.

மைமூனா ராத்தா போன பிறகும் சஹன்கள் துலங்கவில்லை. வேறு ஆட்கள் கழுவினார்கள், அப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு. கதவைத் திறந்தால் குளிசை பாதி கரைந்தும் கரையாமலும் அதன் கூட்டுக்குள் பசையாய்க் கிடக்கும். சுரண்டி எறிந்துவிட்டு, இது கூடாத குளிசை என்று ஏசினோம். ஆள் மாறியும் அழுக்கு மாறவில்லையே, அப்படியானால் அந்தப் பெண் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று எங்களில் ஒருவராவது யோசித்தோமா? இல்லை. நல்ல குளிசை எது என்று ஒப்பிட்டுச் சொல்லும்படி நிர்வாகசபை என்னைப் பணித்தது. பெருமையோடு ஏற்றுக்கொண்டேன்.

மூன்று வகை எடுத்தேன். வெள்ளைக் குளிசை, தூளை அழுத்திச் செய்தது. நீலக் குளிசை, இரண்டு அடுக்கு உள்ளது. பச்சைக் குளிசை, மெல்லிய உறைக்குள் கூழ் நிரப்பியது. பரிசோதனைக்கு உதவியாகக் காரைதீவிலிருந்து என் பழைய சக ஆசிரியை துஷாந்தினி டீச்சரை அழைத்தேன். அவர் வருகிறார் என்பதால் அன்று மாட்டிறைச்சி வேண்டாம், கோழிக்கறி போதும் என்று சமையற்கட்டில் சொன்னேன். சஹன்களில் நெய்ச்சோறு பூசினோம், மஞ்சள் தூக்கலான கோழிக்குழம்பு பூசினோம், வட்டிலப்பத்தை ஒட்டவைத்துக் காயவிட்டோம். ஒரே சூடு, ஒரே நேரம், ஒரே கிணற்றுத் தண்ணீர்.

முடிவு? வெள்ளை தோற்றது. நீலம் தோற்றது. பச்சையும் தோற்றது. மூன்றும் அச்சொட்டாக ஒரே மாதிரித் தோற்றன. மூன்றுமே கூடாது என்று கொப்பியில் எழுதப் பேனையைத் திறந்தேன். துஷாந்தினி டீச்சர் என் கையைத் தடுத்துக் கேட்டார்: “மூண்டு பிள்ளையளும் ஒரே மார்க் எடுத்தா, பிழை பிள்ளையளிலயா, வினாத்தாளிலயா சேர்?”

பிறகு குனிந்து மெசினுக்குள் பார்த்தார். முன்னால் நின்ற சஹனின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். கதவின் உட்பக்கத்தில் குளிசைக்கு ஒரு சின்னக் கூடு, அதற்கு ஒரு மூடி. மெசின் ஓடும்போது மூடி தானாகத் திறந்து குளிசை கீழே விழ வேண்டும். ஆனால் கதவை ஒட்டி நின்ற சஹன் அந்த மூடியை முட்டிக்கொண்டிருந்தது. மூடி திறக்கவே இல்லை, குளிசை விழவே இல்லை. வெறும் வெந்நீரில்தான் எல்லாம் புரண்டிருக்கின்றன. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் தட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று அந்த மெசினைச் செய்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

சஹன்களைப் பின்பக்கம் தள்ளி, சின்னக் கிண்ணங்களை முன்னால் வைத்து மறுபடி ஓட்டினோம். இப்போதுதான் ஒப்பீடு உண்மையான ஒப்பீடாயிற்று. வெள்ளை, நெய்யை நீக்கியது, ஆனால் மஞ்சள் கறையை விட்டுவிட்டது. பச்சை, கண்ணாடிபோல் மினுக்கியது, ஆனால் காய்ந்த வட்டிலப்பத்திடம் கைகட்டி நின்றது. நீலம், வட்டிலப்பத்தையும் கரைத்தது, மஞ்சளையும் துடைத்தது. ஆனால் நமது கிணற்றின் சுண்ணாம்பு கலந்த வன்னீரால் சஹன் மேல் வெள்ளையாய் ஒரு படலம் விட்டது. மெசினுக்கென்று விற்கும் உப்பை அதற்குரிய இடத்தில் நிரப்பியதும் அந்தப் படலமும் போயிற்று. ஆகவே நீலக் குளிசையையே வாங்கும்படி இச்சபைக்குச் சிபாரிசு செய்கிறேன். கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை.

வலீமாவன்று சமையற்கட்டில் நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டுமே. மைமூனா ராத்தா இரண்டு மாதமும் சஹன்களைப் பின்பக்கம்தான் வைத்து வந்தார். அன்று நான் உள்ளே போய், இப்படி வைத்தால் எடுக்கச் சுணங்கும் என்று அதட்டி, என் கையாலேயே அவற்றை முன்னால் இழுத்து நிறுத்தினேன். அப்போது அவர் சொன்னார். என் காதில் விழுந்தது, விழவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். “முன்னுக்கு வெச்சா அந்தக் குளிசைக் கூட்டு மூடி தெறக்காது சேர்” என்றார். மெசினின் கையேட்டை வாசித்தவன் நான் என்றேன். அத்தோடு விட்டேனா? இனி இப்படித்தான் வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, மெசின் மேல் ஒட்டியும் வைத்தேன்.

பெரியோர்களே! நெய்க்கு ஒரு குளிசை உண்டு. மஞ்சளுக்கு ஒரு குளிசை உண்டு. முட்டைக்கும் கருப்பட்டிக்கும் ஒரு குளிசை உண்டு. ஒரு மனிதரின் மானத்தில் நாம் பூசிய கறைக்கு எந்தக் கடையில் எந்தக் குளிசை இருக்கிறது? தொழுகையில் அழுதேன். ஆனால் அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியான் பொறுக்காமல் அது நீங்காது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். படித்ததை மற்றவர்களுக்குச் சொல்வது சுகம். நமக்கென்று வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பரிசோதனை முடிந்த மறுநாள் மைமூனா ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், தேநீர் தந்தார். நடந்ததைச் சொல்லி மாப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. “ஏசினது ஐநூறு பேருக்கு முன்னுக்கு. மாப்புக் கேக்கிறது மட்டும் ஊட்டுக்குள்ளயா சேர்?” என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த மேடையில் எனக்கு நேரம் கேட்டேன். குளிசை பற்றிய உரை என்றுதான் ஹாஜியாரிடம் சொன்னேன். முழுவதையும் சொல்லாததற்கு ஹாஜியார் என்னை மன்னிக்க வேண்டும்.

மைமூனா ராத்தா இன்று வந்திருக்கிறார். திரைக்கு அப்பால்தான் இருக்கிறார், நான்தான் வரும்படி கெஞ்சினேன். ராத்தா, நீங்கள் கழுவினீர்கள். நீங்கள் குளிசை போட்டீர்கள். நீங்கள் சொன்னது உண்மை. பிழை செய்தவன் நான், அந்தப் பிழையை உங்கள் தலையில் கட்டியவனும் நான். இந்தச் சபை அறிய மாப்புக் கேட்கிறேன். தருவதும் தராததும் உங்கள் உரிமை.

சற்றுப் பொறுங்கள், அங்கே யாரோ எழும்பி நிற்கிறார். ஒலிவாங்கியை அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். வேண்டாமாம். அமைதியாய் இருங்கள், ராத்தாதான் கதைக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். “எனக்குக் கேட்டிச்சி சேர். வாசலடியில நிக்கிறவங்களுக்குக் கேட்டிரிக்காது. இன்னொருக்காச் சொல்லுங்க.”

ஓம் ராத்தா, சொல்கிறேன்.

வாசலில் நிற்பவர்களே, உள்ளே வாருங்கள். வீதியில் நிற்பவர்களே, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அந்த வலீமாவில் மைமூனா கழுவினார். மைமூனா உண்மை சொன்னார். ஐநூறு பேருக்கு முன்னால் பொய் சொன்னவன் இந்த மீராசா.

இடமளித்த தலைவருக்கும், பிழையைக் கண்டுபிடித்த துஷாந்தினி டீச்சருக்கும், பொறுமையோடு கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வீடு போனதும், இன்று இங்கே வராதவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். அட்டாளைச்சேனைக்கு நானே போய்ச் சொல்வேன். வஸ்ஸலாம்.