மோட்டாருக்குள் இருந்த பால்

என் பெயர் ருவைதா. தகப்பனார் பெயர் நவ்வாஃப், கணவர் பெயர் ஸுஹைர். வயது முப்பத்தொன்று. இர்பித் நகரில் மாவு மில்லுக்குப் பின்புறத் தெருவில், இரண்டாம் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஹாஸிம் என்பவரின் தாயாரை நான் அவர் கடையிலேயே பூட்டி வைத்து, பிறகு காரில் கடத்திப்போனதாக அவர் இந்த ஸ்டேஷனில் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. பூட்டியதும் கூட்டிப்போனதும் உண்மைதான். எதற்கு என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்து, இந்த மாதத் தொடக்கத்தில், ஆண் குழந்தை பிறந்தது. யமான் என்று பெயர் வைத்தோம். இரண்டு மாதம் முன்கூட்டியே பிறந்துவிட்டதால் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கும் கராவியா பாயசத்தைக்கூட, பிள்ளை வீடு வந்து சேரட்டும் என்று என் மாமியார் இன்னும் அடுப்பில் ஏற்றவில்லை. குழந்தைக்குச் சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. ஆகையால் நான் வீட்டில் பாலை எடுத்து பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுக்க, நர்ஸ் அதை மூக்குக் குழாய் வழியாக விடுவார்.

அதற்குப் பால் எடுக்கும் பம்பு வேண்டியிருந்தது. புதுசின் விலை என் கணவரின் சம்பளத்துக்கு எட்டவில்லை. அதன் பிறகு நான் சந்தைத் தெருவில், புகார் கொடுத்த ஹாஸிமின் தாயார் உம்மு ஹாஸிமின் கடைக்குப் போனேன். ஐரோப்பாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய குழந்தைச் சாமான்களை அங்கே விற்கிறார்கள். அலமாரியில் ஒரு பம்பு இருந்தது. "சுத்தமா இருக்குமா அக்கா? ஆஸ்பத்திரியில கிடக்கிற புள்ளைக்கு," என்று கேட்டேன். "என் கையால கொதிக்க வச்சது. நம்பிக்கை இல்லேன்னா நீயும் ஒரு தடவை கொதிக்க வச்சுக்கோ," என்றார். நானும் வீட்டுக்கு வந்து புனல், பாட்டில், ரப்பர் வால்வு எல்லாவற்றையும் கொதிக்க வைத்தேன். ஒவ்வொரு முறை பால் எடுக்கும் முன்பும் கொதிக்க வைத்தேன். மோட்டாரைத் தண்ணீரில் போட முடியாது என்பதால் வெளியே துணியால் துடைத்தேன். அதற்குள் பால் போகும் என்று எனக்குத் தெரியாது.

பத்து நாள்போல நன்றாக இருந்தான். அதன் பிறகு முந்தாநாள் உடம்பு அனலாகி, தோல் சாம்பல் நிறமாகி, மூச்சை விட்டுவிட்டு இழுத்தான். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். பாலை நிறுத்தச் சொன்னார்கள். அதைக் கேட்டு என் மாமியார் ஆஸ்பத்திரி நடையிலேயே, "நாள் பூரா நடுரோட்டுல நின்னு பிரேக் பிரேக்னு கத்துற பொம்பளைக்குப் பால் திரியாம என்ன செய்யும்?" என்றார். இதையும் எழுதுங்கள். என் பால்தான் என் பிள்ளையைக் கொல்கிறதோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

இன்று காலை டாக்டர் லுபாபா பம்பைக் கொண்டுவரச் சொன்னார். என் கண்முன்னால் மோட்டாரின் மூடியைக் கழற்றினார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாய் வந்து சேரும் இடத்தில் பழைய பால் மஞ்சள் பொருக்காகக் காய்ந்து, அதன்மேல் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. இரவும் பகலும் அதை மார்பில் வைத்துக்கொண்டிருந்தவள் நான்.

டாக்டர் சொன்னது இது. "உங்க பால்ல ஒரு குத்தமும் இல்லம்மா. இந்த ரகத்துல பால் திரும்பி மோட்டாருக்குள்ள போகும், தடுக்கச் சவ்வு கிடையாது. உள்ள இருக்கிற அழுக்கு ஒவ்வொரு தடவையும் காத்தோட பாலுக்கு வரும். வெளியில எவ்வளவு கொதிக்க வச்சாலும் பிரயோசனமில்ல. இதை ஒருத்தருக்கு மேல தொடவே கூடாது." அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, கொடுக்கிற மருந்து யமானுக்குக் கேட்கவில்லை, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆகும், அதுவரை அவன் தாங்குவானா என்று சொல்லமுடியாது என்றார். இதற்கு முன் பம்பை வைத்திருந்தவள் யார், அவளுக்கோ குழந்தைக்கோ என்ன நோய், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று தெரிந்தால் உதவும், உடனே விசாரித்து வாருங்கள் என்றார்.

பரிசோதனைக்குச் சுரண்டி எடுத்துக்கொண்டு மீதியை என்னிடம் கொடுத்தார்கள். அதை ஒரு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்கு ஓட்டினேன். அந்தப் பையை உம்மு ஹாஸிம் முகத்தில் விட்டெறியும் எண்ணத்தோடுதான் போனேன், மறைக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு, "இதை உனக்கு யாரு கொடுத்தா?" என்று கேட்டேன்.

"ஏம்மா, பழைய சாமான் கடையில வந்து பூர்வீகம் கேக்குறே? பிடிக்கலேன்னா காசை வாங்கிட்டுப் போ."

"காசை நீயே வச்சுக்கோ. எனக்குப் பேரு வேணும்."

"பொம்பளைங்க அந்தரங்கச் சாமான் இது. கொடுத்தவ பேரை ஊர் பூரா சொன்னா நாளைக்கு எவ என் கடைப் படி ஏறுவா?"

நான் கடைக் கதவைச் சாத்தி, கதவிலேயே தொங்கிய சாவியால் உள்ளே பூட்டினேன். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். கொலைகாரி என்று சொன்னேன். பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறது, ஒரு பேர்தானே என்று கெஞ்சவும் செய்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தெரியாது, தெரியாது என்பதையே திருப்பிச் சொன்னார். தெரியாதவள் முகம் அப்படி இருக்காது. எத்தனையோ பெண்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்வதைப் பார்த்தவள் நான்.

அதன் பிறகு வேறு வழி தெரியாமல் இப்படிச் சொன்னேன். "சரி, டாக்டருக்குச் சொல்லாதே. அல்லாவுக்குப் பதில் சொல்லு. இதுக்குள்ள அவ பால் இருக்கு, என் மகன் வயித்துக்குள்ள போயிருக்கு. நாளைக்கு அவன் வளர்ந்து, தெரியாம அவ மகளையே கட்டிக்கிட்டா அந்தப் பாவம் யாரு தலையில?" ஒருத்தியின் பாலைக் குடித்தவன் அவள் பிள்ளைகளுக்குப் பால்குடி சகோதரன், கல்யாணம் கூடாது. குழாயில் ஒட்டிய சொட்டுக்கெல்லாம் அந்தச் சட்டம் கிடையாது, பலமுறை வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவர் தொழுகை தவறாதவர் என்று சந்தைக்கே தெரியும்.

உம்மு ஹாஸிம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பயம் உனக்கு வேணாம். அந்தப் புள்ள கல்யாணத்துக்கு வரமாட்டா," என்றார்.

"ஏன்?"

"போயிட்டாம்மா. ஒரு மாசங்கூட முழுசா இருக்கல."

"யாரு புள்ள?"

"என்னோடதுதான்."

மூத்த மகனுக்கு இருபத்திரண்டு வயதாகும்போது, அல்லா கொடுத்தது என்று பிறந்த பெண்ணாம். ஸுந்துஸ் என்று பெயராம். கடையை விட முடியாமல், மூட்டையில் பழசாக வந்த அந்தப் பம்பால் பால் எடுத்து வீட்டுக்கு அனுப்பினாராம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, ரம்ஸாவில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டதாம். விதி என்றார்களாம். "வீட்டுல வச்சுக்க முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல. கொதிக்க வச்சு அலமாரியில வச்சேன். செத்த புள்ள சாமான்னு சொன்னா யாரு தொடுவா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. மேஜைமேல் கிடந்த பையை என் கைப்பையால் மறைக்கப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பையைத் தானே பிரித்து, மோட்டாரின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுவா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அவர் சத்தம் போட்டு அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கல்லாப்பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, போனையும் எடுக்காமல், "மொத ஊசி கேக்கலன்னு ரெண்டாவதா ஒண்ணு மாத்தினாங்க, லேட்டா மாத்திட்டோம்னு அந்த டாக்டரே சொன்னாரு. வா, உன் டாக்டர்கிட்ட நான் சொல்றேன்," என்று எழுந்தார்.

அவருக்குக் கால் நிற்கவில்லை. ஆகையால் தோளைப் பிடித்துத் தள்ளியபடிதான் காரில் ஏற்றினேன், பக்கத்துக் கடைக்காரர் பார்த்தது அதைத்தான். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதைக் கேட்டு டாக்டர் லுபாபா ரம்ஸா டாக்டரைப் போனில் பிடித்துப் பேசி, அந்த நிமிஷமே மருந்தை மாற்றினார். அதன் பிறகு நான் காரை ஒழுங்காக நிறுத்தக் கீழே இறங்கியபோது உங்கள் ஆட்கள் என்னைப் பிடித்தார்கள்.

(இந்த இடத்தில் எனக்குப் பால் கட்டி உடுப்பு நனைந்துவிட்டதால் எழுதுவது நிறுத்தப்பட்டது. எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய், கழுவிய தம்ளர் கொடுத்தார். கையாலேயே பிழிந்தேன். அவரும் ஏழு மாதக் கர்ப்பிணி. "எங்க அக்கா அவளோட பம்பைக் கொடுத்தனுப்பியிருக்கா," என்றார். நான் சொன்னதைக் கேட்டபிறகு வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார்.)

சற்றுமுன் என் கணவர் கூப்பிட்டார். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மூச்சு சீராக வருகிறது, நிச்சயமாகச் சொல்ல விடிய வேண்டும் என்றார்களாம். உம்மு ஹாஸிம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம். வீட்டுக்குப் போகச் சொன்னால், பையன் கண் திறக்கட்டும் என்கிறாராம். மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். அந்தப் பம்பு சொத்து, பொருள் என்று சொல்லி யாரிடமும் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. காரில் வரும்போது உம்மு ஹாஸிம் சொன்னது. அந்தப் பம்பை மூட்டையிலிருந்து பொறுக்கி எடுத்தது அவர் மகன் ஹாஸிம். "அம்மா, புதுசு மாதிரி இருக்கு பாரு, தங்கச்சிக்கு இனிமே பட்டினி இல்ல," என்று சந்தோஷமாகத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தானாம். "அவன் காதுல மட்டும் விழக்கூடாது ருவைதா. அவன் தாங்கமாட்டான்," என்றார். நான் சத்தியம் செய்துகொடுத்தேன். உள்ளது உள்ளபடி சொல்லவேண்டும் என்று நீங்கள் கேட்டதால் உங்களிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபிறகுதான், இது முழுவதும் புகார்தாரருக்கும் படித்துக் காட்டப்படும் என்கிறீர்கள். அந்தப் பையன் இப்போதும் வெளியே நின்று, "எங்க அம்மாவை எங்கடி கொண்டுபோய் வச்சிருக்கே?" என்று கத்திக்கொண்டிருக்கிறான். கத்தட்டும்.

ஆகையால், பம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், தனித்தாளில் இப்படி எழுதுங்கள். கடையில் எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. நான் கோபக்காரி. அவர் வரமாட்டேன் என்று சொல்லியும் பலவந்தமாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அதில் கையெழுத்துப் போடுகிறேன், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். அவனுக்கு அந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள்.

இதில் கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை, எல்லாம் நடந்தபடியே. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டும்போது கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தினார்கள்.

(ஒப்பம்) ருவைதா