காட்பாடியில் இறங்கியவர்கள்

— விழுப்புரம் வண்டி வந்துச்சு மாமா. நின்னுச்சு, போய்டுச்சு. ஏறணும்னுதான் எந்திரிச்சேன். மறுபடி இந்தப் பெஞ்சிலியே குந்திட்டேன்.

— சரி உடு. மொதல்ல இந்தத் தண்ணியக் குடி. உதடெல்லாம் காஞ்சி கெடக்குது.

— கோவம்னா திட்டிடு. இப்பிடிப் பக்கத்துல குந்திக்கினு தண்ணி குடுத்தா எனக்கு இன்னும் பேஜாரா இருக்குது.

— கோவமில்ல அமிர்தம். குடி. புள்ள எங்க?

— வஜீதாகிட்ட. பக்கத்து வீட்டுல இருந்தாத்தான் உனக்கு சுளுவா இருக்கும்னு. அவதானே உனக்கு ஆள் அனுப்பி இருப்பா? தோல்ஷாப்புல வந்து சொன்னாங்களா?

— வஜீதாகிட்ட இருந்தா பயமில்ல. அவளுக்கும் கைக்கொழந்தை இருக்குது. பசியாத்திடுவா.

— அதுக்குத்தான் அவகிட்ட குடுத்தேன். நீ காலைல வேலைக்குப் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம், கடைக்குப் போய்ட்டு வர்றேன், பாத்துக்கோன்னு சொல்லி அவ மடியில வச்சேன். கடைக்குப் போறதுக்கு எதுக்கு நல்ல பொடவைன்னு கேட்டா. ஆம்பூர் ஸ்டேசனுக்கு நேரா நடந்தேன். திரும்பினா நின்னுடுவேன்னு திரும்பவே இல்ல.

— எங்க போறதா இருந்த?

— கணியம்பாடிக்கு. இங்க எறங்கி விழுப்புரம் வண்டிக்கு மாறணும்.

— அங்க யாரு இருக்காங்க? உங்கம்மா போயி ரெண்டு வருசம் ஆச்சு. வீட்டையும் யாரோ வாங்கிட்டாங்க.

— தெரியும். அந்த வாசல்ல போயி கொஞ்ச நேரம் நிக்கணும். அப்பால இன்னான்னு யோசிக்கல. சாப்பிட்டியாடின்னு என்னைக் கேட்ட ஒரே ஜீவன் அந்த வீட்டுலதான் இருந்துச்சு.

— நான் கேக்கலியா?

— கேக்கறதுக்கு நீ எங்க இருக்க? விடிஞ்சும் விடியாம தோல்ஷாப்புக்குப் போற. வேலை விட்டா பாலாத்துல போயி குந்திக்கிறன்னு தண்ணிக்குப் போற பொம்பளைங்க சொல்றாங்க. புள்ள தூங்கினப்புறம் வர்ற, சோத்தத் தின்ற, படுத்துக்குற. அவன் பொறந்து ஒன்றரை மாசம் ஆச்சு மாமா. ஒரு தபா அவனைத் தூக்கினியா?

— தூக்கல.

— ஏன்?

— இந்தக் கையப் பாரு.

— அஞ்சு வருசமாப் பாத்துக்கினுதான் இருக்கேன்.

— தோலப் பதம் பண்ண சுண்ணாம்புத் தொட்டில நாள் பூரா பொரட்டுற கை. வெடிச்சி வெடிச்சி மரப்பட்டை மாதிரி ஆய்டுச்சு. பொறந்த அன்னிக்கு மருத்துவச்சி சவுரியம்மா அவனைத் துணியில சுத்தி என்னாண்ட நீட்டுச்சு. கன்னத்த லேசா, ஒரு விரலால தொட்டேன். செவப்பா ஒரு கோடு உழுந்துச்சு. கத்தினான் பாரு, அப்பிடிக் கத்தினான். அன்னிலேருந்து கையப் பின்னால கட்டிக்கினேன். ஆத்துல மணலப் போட்டுத் தேய்ப்பேன். சொரசொரப்பும் போகல, நாத்தமும் போகல. ஆத்துலேருந்து நான் வர்றதுக்குள்ள அவன் தூங்கிடுவான்.

— இத என்கிட்ட சொன்னா இன்னா மாமா? நான் வேற நெனச்சிக்கினு இருந்தேன். எந்நேரமும் பால் வாடை, தலை சீவறதில்ல, பொடவை மாத்தறதில்ல. என்மேலதான் உனக்கு நாத்தம், அதான் ஒதுங்கறன்னு.

— தோல்ஷாப்புக்காரன் எங்கியாச்சும் நாத்தம் பாப்பானா?

— சிரிக்க வைக்காத. சிரிச்சா அழுகை வருது.

— அழு. மூட்டை தூக்கற கூலிக்காரங்களும் அந்தாண்ட போய்ட்டாங்க. யாரும் பாக்கல.

— கைதான் காரணமா? வேற ஒண்ணுமில்லியா?

— அப்பன்னா வீட்டுல இன்னா செய்வான்னு எனக்குத் தெரியாது அமிர்தம். நான் வயித்துல இருக்கறப்பவே எங்கப்பாரு கோலார்ல சுரங்கத்துல செத்துட்டாரு. யாரையும் பாத்துக் கத்துக்கல. ஒரு நாள் சீக்கிரமாத்தான் வந்தேன். கதவாண்ட நின்னேன். உள்ள அவனும் அழுவுறான், நீயும் அழுவுற. ரெண்டு பேர்ல யாரை மொதல்ல தேத்தறதுன்னு தெரியல. கதவத் தள்ளாம நின்னுட்டு, திரும்பி ஆத்துக்கே போய்ட்டேன்.

— கதவு வரைக்கும் வந்தியா?

— மூணு தபா வந்திருக்கேன்.

— உள்ள வந்து சும்மா குந்தி இருந்தாலே போதுமே. நீ ஒண்ணும் செய்ய வேணாம். அந்த வீட்டுல இன்னொரு பெரிய ஆளு மூச்சு விடுற சத்தம் கேட்டா போதும்னு இருந்துச்சு எனக்கு.

— தெரியல அமிர்தம். தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்.

— இன்னொண்ணு இருக்குது மாமா. அதச் சொன்னா என்னைப் புள்ளகிட்டயே சேக்க மாட்ட.

— சொல்லு.

— நாலு நாள் முன்ன கெணத்தாண்ட போனேன். அவனைத் தோள்ல சாச்சிக்கினு, யாராச்சும் ஒரு கொடம் சேந்திக் குடுப்பாங்களான்னு நின்னேன். யாரும் வர்ல. குனிஞ்சி உள்ள பாத்தேன். தண்ணி அசையாம, குளுகுளுன்னு கெடந்துச்சு. ரெண்டு பேரும் இதுக்குள்ள போய்ட்டா நல்லாத் தூங்கலாமேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. நெனச்சது நான்தானான்னு கூடத் தெரியல. கொடத்த அங்கியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன்.

— அதான் வஜீதா தண்ணி கொண்டாந்து ஊத்துறாளா?

— அவளுக்கு நான் காரணம் சொல்லல. இடுப்பு வலின்னு சொன்னேன். ஆனா அந்த நெனப்பு கெணத்தோட நிக்கல மாமா. வீட்டுக்குள்ள வந்துடுச்சு. இன்னிக்குக் காலைல பால் குடுக்கறப்ப வந்துச்சு. அவன் என் விரலப் புடிச்சிக்கினு இருக்கான், எனக்கு அவன் மேல ஒண்ணுமே தோணல. யார் வீட்டுப் புள்ளையோ மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன். என் கைக்கு எட்டாத எடத்துல இருந்தா அவன் பொழைச்சுக்குவான்னு... எதுனா சொல்லு மாமா.

— உன் கையக் குடு.

— சொல்லுன்னா.

— பத்திரமான ஒரு மடியாப் பாத்து, பால் இருக்கற எடமாப் பாத்து அவனை வச்சிட்டு வந்திருக்க. ஒண்ணுமே தோணாதவளுக்கு அதெல்லாம் தோணுமா? உனக்கு ஒடம்பு சரியில்ல அமிர்தம். காச்சல் வந்தா நெத்தி சுடுதில்ல, அந்த மாதிரி இதுவும் ஒண்ணு. அவ்ளோதான் எனக்குப் புரியுது.

— எதிர்வீட்டு மீனாம்பா காத்து கருப்புன்னு சொல்லுச்சு. தோ, கயிறு கட்டி இருக்குது பாரு. பெத்தவ புள்ளையப் பாத்து சிரிக்காம இருப்பாளான்னு நாலு பேரு முன்னால கேட்டுச்சு.

— வஜீதா இன்னா சொன்னா?

— அவ ஒண்ணும் கேக்கல. என்னைக் குந்த வச்சி எண்ணெ தடவி சிக்கெடுத்தா. அவளுக்கு மொதக் கொழந்தை பொறந்தப்ப வாணியம்பாடில அம்மா வீட்டுல மூணு மாசம் சொவத்தப் பாத்துக்கினே படுத்திருந்தாளாம். தனியாவே உட மாட்டாங்களாம். மாத்தி மாத்தி யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல இருப்பாங்களாம். மெதுவா சரியாப் போச்சாம். எனக்குத்தான் அப்பிடி குந்த ஆளில்ல.

— நான் குந்துறேன்.

— நெசமாவா?

— மேஸ்திரிகிட்ட பத்து நாள் லீவு கேக்குறேன். கெணத்துப் பக்கம் நீ போகவே வேணாம், தண்ணி நான் சேந்துறேன். சவுரியம்மாவ வந்து உன்னைப் பாக்கச் சொல்றேன். லீவு முடிஞ்சா, பகல்ல நீயும் புள்ளையும் வஜீதா வீட்டுலயே இருங்க. வேலை விட்டதும் நேரா வந்து இட்டுக்கினு போறேன்.

— மேஸ்திரி லீவு குடுக்கலன்னா?

— வேற தோல்ஷாப்பு. ஆம்பூர்ல அதுக்கா பஞ்சம்?

— அந்த நெனப்பு மறுபடி வந்தா?

— வந்த ஒடனே சொல்லு. நான் தொட்டிக்குள்ள நின்னுக்கினு இருந்தாலும் சரி, ஆளனுப்பு. வந்துடுறேன்.

— புள்ளையத் தூக்குவியா?

— நீ கத்துக்குடுத்தா தூக்குறேன்.

— கைக்கு நல்லெண்ணெ போட்டுக்கோ. ஒரு கை தலைக்கு அடியில, ஒரு கை முதுகுல. என் பழைய பொடவையில சுத்திக் குடுக்குறேன், கீறாது. கீறினாலும் பரவால்ல, ஆறிடும். நான் பக்கத்துலயே இருப்பேன்.

— ஏன் மாராப்ப இழுத்து இழுத்து உட்டுக்கினு இருக்க?

— ரவிக்கை நனைஞ்சு போச்சு மாமா. பாலு. இந்நேரம் அவன் எழுந்திருப்பான். வஜீதாகிட்ட குடிப்பானோ மாட்டானோ.

— எந்திரி. தோ, நம்ம ஊரு வழியாப் போற ஜோலார்பேட்டை வண்டி வருது. பாத்து, மெதுவா. என் தோளப் புடிச்சுக்கோ.

— மாமா, ஒண்ணு சொல்லட்டா? அவன் பெரியவனானா இத மறைக்காம சொல்லுவேன். உங்கம்மா உன்னை உட்டுட்டு ஓடினா, உங்கப்பாதான் வேலையப் போட்டுட்டு அவ பின்னாலியே ஓடியாந்து வீட்டுக்கு இட்டுக்கினு வந்தாருன்னு.

— அப்பிடி சொல்லாத அமிர்தம்.

— ஏன், நெசந்தானே?

— நெசமில்ல. எனக்கு யாரும் ஆள் அனுப்பல. நீ வீட்டுல இல்லன்னே எனக்குத் தெரியாது. மத்தியானம் தொட்டியிலேருந்து ஏறினவன் கையக் கூடக் கழுவாம ஆம்பூர் ஸ்டேசனுக்குப் போயி மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்தேன், அங்கேருந்து ரங்கூனுக்குக் கப்பலேறி அப்பிடியே போயிடறதுன்னு. காட்பாடில தண்ணி குடிக்க எறங்கினேன், இந்தப் பெஞ்சில உன் முதுகு தெரிஞ்சுது.