அக்காவின் பிரஷரை நான்தான் பார்த்தேன்

சர்க்கரை மாவில் பூ செய்கிறவர்களுக்குக் கை குளிர்ந்திருக்க வேண்டும். சூடான கை பட்டால் இதழ் தளர்ந்து தொங்கிவிடும். உன் அம்மாவுக்கு அப்படிப்பட்ட கை. எனக்கு இல்லை. என்ன நடந்தது சித்தி என்று கேட்டாய். அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

கேக் கடையில் அக்கா உள்ளறையில் பூ செய்வாள். நான் முன்னால் நின்று வருகிறவர்களிடம் பேசுவேன். பூவைப் பார்த்தவர்கள் அடுத்து என் கையைப் பார்ப்பார்கள். எல்லாம் நீங்களே செய்ததா என்று முதலில் ஒருத்தி கேட்டபோது சிரித்து மழுப்பினேன். போகப்போக ஆமாம் என்றே சொல்லத் தொடங்கினேன். உள்ளே அக்காவின் காதில் விழுந்திருக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சுபாவம் உனக்குத் தெரியும்.

மூட்டு வீங்கி அவள் விரல்கள் மடங்காமல் போனபோது நான்தான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்தார். சில நாளிலேயே அக்கா மறுபடி ரோஜா இதழ் சுருட்டினாள். முகம் உப்பியது, பசி கூடியது. "என் கன்னத்தையே கேக் மேல வச்சிடலாம் போலிருக்கு" என்று அவளே சிரித்தாள்.

டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். இந்த மாத்திரை பிரஷரை ஏற்றும். வீட்டில் தினமும் பார்க்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். தன்னிச்சையாக வலி மாத்திரை போடக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பிரஷர் ஏறினால் உடனே வாருங்கள், அளவைக் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம் என்றார். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

காலையில் அவள் கையில் பிரஷர் மெஷினின் பட்டையைச் சுற்றி எண்ணைப் படிப்பது என் வேலை. கண்ணாடி போடாமல் அவளுக்கு எண் தெரியாது. முதலில் உள்ளதைத்தான் சொன்னேன். எண் ஏறத் தொடங்கியதும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். டாக்டர் ஸ்டீராய்டு அளவைக் குறைத்தால் விரல் மறுபடி வீங்குமே. ஒரு பெரிய கல்யாண கேக்குக்கு ஒப்புக்கொண்டிருந்தோம், அது முடியட்டும் என்று நினைத்தேன். அது முடிந்ததும் இன்னொன்று வந்தது. டாக்டருக்கும் போனில் அதே எண்ணைத்தான் சொன்னேன். நேரில் போக வேண்டிய நாளைக் கடையில் கூட்டம் என்று தள்ளிப்போட்டேன். சமையலில் மட்டும் உப்பைக் குறைத்துவிட்டேன். அதை இப்போது சொல்லவே கூசுகிறது.

பின்மண்டை வலிக்கிறது என்றாள். போடக் கூடாது என்று டாக்டர் சொன்ன வலி மாத்திரையை நானே தண்ணீரோடு கொடுத்தேன்.

அன்று வேலை மேசையில் இருந்தபடியே பிரஷர் பார்க்கக் கையை நீட்டினாள். சர்க்கரை மாவு இலைக்கு நரம்பு கீறிக்கொண்டிருந்ததால் கண்ணாடி போட்டிருந்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை.

"நூத்தித் தொண்ணூறுன்னு காட்டுதே."

"பேட்டரி தீரப்போகுதுக்கா. அப்பப்ப இப்படித்தான் காட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"எத்தனை நாளாடி தீரப்போகுது?"

இந்தப் பூவை மட்டும் முடித்துவிடு, சாயந்தரம் டாக்டரிடம் போகலாம் என்றேன். அவள் தலையைக் குனிந்து கத்தியை எடுத்தாள்.

அந்தக் கத்தி கீழே விழுந்த சத்தம் கேட்டபோது நான் முன்னறைக்கு வந்திருந்தேன். ஒருவர் கேக் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போனேன். அக்காவின் வலது பக்கம் முழுவதும் சரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உண்மையான எண்களைக் கேட்டார். சொன்னேன். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

"பிரஷருக்குத் தனியா ஒரு மாத்திரை கொடுத்திருப்பேம்மா. ஸ்டீராய்டைக் குறைக்காமலே சமாளிச்சிருக்கலாம்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கூடப்பிறந்தவள் துடிக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் தேற்றினார்கள். தேற்றட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு ஏன் இன்னும் பேச்சு வரவில்லை என்று நேற்றுக் கேட்டாய். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நல்ல பெண். உதட்டு அசைவு பிடிபடுகிறது, விடாமல் செய்தால் சீக்கிரமே வார்த்தை வந்துவிடும் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அக்கா அப்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைக் கூட்டி ஏதோ தொடங்கினாள்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்கு போன் செய்து இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு ஓய்வு வேண்டும் என்றுதான் சொன்னேன். இந்த நிலைமையில் அவளைப் பேச வைத்துக் களைப்பாக்கக் கூடாது, இல்லையா.