குதிரைக் காலுக்கு டிரையர்

பெசன்ட் நகர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கடற்கரையில் குதிரை சவாரி விடுகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“பொண்ணு தலை காய வெக்க வாங்குன டிரையரக் குதிர காலுக்குப் புடிக்கிறியே, நாயமாய்யா?”

“புண்ணுல ஈரமே படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. பூஞ்ச மாதிரி கீது, ஆனா பூஞ்ச இல்லியாம். அறுத்து எடுத்தாலும் திரும்ப வருமாம். இன்னொரு தபா வந்தா குதிரையே தேறாதாம்.”

“கால் குளிரட்டும்னு மழத்தண்ணி குட்டையில டெய்லி நிக்க வெச்சது யாரு?”

“நான்தான்.”

“என் கால்ல பித்தவெடிப்பு வந்து ரத்தமே வந்துச்சு. ஒரு நாளு குனிஞ்சி பாத்தியா?”

“உன் கால தொட்டா உதைப்பே. அது உதைக்காது.”

ஜன்னல் கம்பியில் தூறல் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. அந்த அம்மாள்தான் துள்ளி எழுந்தார்.

“எந்திரிய்யா! வெளியவே கட்டிட்டு வந்துட்டோமே! டிரைவரண்ணே, கொஞ்சம் வேகமா ஓட்டு. எங்கூட்டுல ஒருத்திக்குக் கால் நனையக் கூடாது!”