வைக்கோல் போரில் விட்ட தெள்ளுகள்

— இல்ல டாக்டரம்மா, நான் கொல்றதில்ல. பேன் சீப்பால சீவி எடுத்து, ஒரு கொட்டாங்குச்சியில போட்டு, அப்படியே வெளிய கொண்டுபோய் விட்டுடுவேன்.

— தெள்ளுப்பூச்சியவா?

— தெள்ளு, உண்ணி, எதுவானாலும். உண்ணிதான் கடிச்ச எடத்த விடாது. கால் ஒடியாம மெதுவா திருகி எடுக்கணும்.

— தெனம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் இவளுக்கு இதே வேல டாக்டர். சாப்ட்ட தட்டு அப்படியே காஞ்சி கெடக்கும். நான் இன்னா சொல்றேன்னா...

— நீங்க செத்த சும்மா இருங்க. அவங்க என்னத்தான் கேக்கறாங்க.

— ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா பேசுங்க. காலையிலேர்ந்து கோமாரி ஊசி கேம்ப். நூத்தி அறுபது மாடு. இன்னும் காதுக்குள்ள மாடு கத்திக்கிட்டே இருக்கு. சீட்டுல எழுதணும், ஐயா பேரு என்ன?

— அப்பாண்டைராஜ். மேல்சித்தாமூர். இவ பத்மாவதி.

— பூனை பேரு?

— மல்லி. ஃபெஞ்சல் புயல்ல வந்தது டாக்டரம்மா. கொட்டாய் பூரா தண்ணி. ஒரு தகர டின்னு மேல உக்காந்துக்கினு கத்திச்சி, உள்ளங்கை அளவுதான் இருக்கும். கைய நீட்டினேன், தோள் மேல ஏறிடுச்சி. அன்னிலருந்து எறங்கவே இல்ல.

— பஸ்லயா கொண்டு வந்தீங்க?

— இந்தக் கூடையிலதான். கோட்டை பாக்க வந்த கூட்டம் வேற. பஸ் ஸ்டாண்டுலருந்து இங்க நடந்து வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சி. ஒரு முழு நாள் இவளுக்கும் பூனைக்கும் போச்சு டாக்டர். அஞ்சு மணி பஸ்ஸ விட்டா ராத்திரி பட்டினிதான். நாங்க ஜைனருங்க, பொழுது சாஞ்சா வாயில ஒண்ணும் வெக்கறதில்ல.

— சீக்கிரம் அனுப்பிடறேன் ஐயா. அம்மா, அது தலைய இப்படிப் பிடிங்க. உதட்டத் தூக்கிக் காட்டறேன், ஈறு எப்படி இருக்குன்னு பாருங்க.

— வெளுத்துப் போயி இருக்குது.

— ரோஸ் கலர்ல இருக்கணும். சுண்ணாம்பு மாதிரி இருக்கு. ரெண்டரை கிலோ பூனை, இத்தனை தெள்ளு உக்காந்து குடிச்சா உடம்புல ரத்தம் எங்கேர்ந்து இருக்கும்?

— நான்தான் தெனம் எடுக்கறனே. நேத்து மத்தியானம் கூட முப்பத்தாறு எடுத்தேன்.

— எண்ணுவீங்களா?

— எண்ணித்தான் விடுவேன். ஒண்ணு விட்டுப் போயி காலுல மிதிபட்டுடக் கூடாதில்ல.

— எங்க கொண்டுபோய் விடறீங்க?

— வூட்டுக்குப் பின்னால, வைக்கோல் போர் ஓரம். நல்ல நெழலு. அதுங்களும் வெயில் தாங்காது பாருங்க.

— மல்லி எங்க படுக்கும்?

— அது வூட்டுலயும் படுக்கும், வெளியிலயும் படுக்கும்...

— பகல்ல எங்க படுக்கும்மா?

— வைக்கோல் போர்லதான்.

— பத்மா, ஆறு மாசமா நீ அதுங்கள வண்டி வெச்சி சாப்பாட்டு எடத்துக்கே அனுப்பியிருக்கற.

— எனக்குத் தோணலைங்க. நெழலுன்னு மட்டும்தான் பாத்தேன்.

— பாருங்கம்மா, ஒரு பொட்டத் தெள்ளு ஒரு நாளைக்கு முப்பது நாப்பது முட்டை விடும். அது மல்லி மேலயே ஒட்டிக்கிட்டு இருக்காது, உதிர்ந்துடும். வைக்கோல்ல விழும், பாயில விழும், இந்தக் கூடையில கூட இருக்கும். நீங்க முப்பத்தாறு எடுக்கறதுக்குள்ள அங்க முந்நூறு பொரிஞ்சிருக்கும். சீப்பால தீர்ற விஷயம் இல்ல இது.

— அப்ப இதுக்கு இந்தக் கதி நான் பண்ணதுதான்.

— நான் அப்படிச் சொல்லல.

— நீங்க சொல்லாட்டியும் அதான டாக்டரம்மா.

— அதேதான். உன் பிடிவாதம்தான். நான் இன்னா சொல்றேன்னா, நான் சொன்னா காதுல வாங்க மாட்ட, டாக்டர் சொல்றதயாவது கேளு.

— ஐயா, விடுங்க. அம்மா, இங்க பாருங்க. இது பூனைக்குன்னே வர்ற சொட்டு மருந்து. பிடரியில, அது நாக்கு எட்டாத எடத்துல விடணும். மாசத்துக்கு ஒரு வாட்டி. ஒரு நாளைக்குள்ள மேல இருக்கறது மொத்தமும் செத்துடும். கூடவே ரத்தத்துக்கு டானிக் தர்றேன். பாய், சாக்கு எல்லாத்தையும் சுடுதண்ணியில அலசி வெயில்ல போடுங்க.

— சாகாம, சும்மா எறங்கி ஓடிப்போற மாதிரி எதுவும் இல்லைங்களா?

— ஓடினா எங்கம்மா ஓடும்? உங்க வைக்கோல் போருக்குத்தான் ஓடும்.

— மடத்துல சாமி முன்னாடி விரதம் எடுத்திருக்கேன் டாக்டரம்மா. தெரிஞ்சு ஒரு உயிரயும் கொல்ல மாட்டேன்னு. பதினோரு வருசம் ஆவுது. தண்ணிய கூட துணியில வடிகட்டித்தான் குடிக்கறோம்.

— உங்க மல்லி எலி பிடிக்குமே?

— அது பூன. அதோட பொறப்பு அப்படி. என் கை என்னுது இல்லையா.

— பேச்சுல உங்கள ஜெயிக்க முடியாது. ஆனா உள்ளதச் சொல்லிடறேன். இப்படியே கொண்டு போனீங்கன்னா இந்த வாரம் தாண்டாது.

— கேட்டுக்கினியா பத்மா?

— கேட்டுக்கினேன்.

— இது என்ன, காத இப்படி உதறிக்கிட்டே இருக்கு? எச்சில் வேற வடியுது.

— கார்த்தாலருந்தே அப்படித்தான். பாலக் கூட மோந்து பாத்துட்டு விட்டுடுச்சி. அதப் பாத்துட்டுத்தான் இன்னிக்கே போவலாம்னு நான் கெளம்பினேன்.

— பஸ்ஸுல வந்த பயம் டாக்டர். ஆரன் சத்தம் அதுக்குப் பழக்கமில்ல.

— நீங்க இருங்கம்மா. உக்காருங்க அந்த ஸ்டூல்ல. அழாதீங்க.

— அழல டாக்டரம்மா. ஓஞ்சி போச்சு, அவ்ளோதான். கண்ண மூடினா முடிக்குள்ள சீப்பு ஓடறதுதான் தெரியுது. முதுகு வலி, கண்ணு மசமசங்குது. இது மடியில வந்து படுத்துக்கினு, சீவறதுக்குக் கழுத்தக் குடுக்கும் பாருங்க, அதுக்காகத்தான் தெனம் உக்காந்தேன். நம்மள நம்பி ஏறி வந்துச்சேன்னு. விரதம் குடுக்கறப்ப சாமி கேட்டாரு, முடியுமாம்மான்னு. நான் பெருசா தலைய ஆட்டினேன். இப்படி ஒரு நாள் வரும்னு யாருக்குத் தெரியும்.

— வேணும்னா நாளைக்கு வாங்க. யோசிச்சுட்டு...

— நாளைக்கும் இதே தெள்ளு, இதே பூனதான. குடுங்க.

— நான் போடறேன் பத்மா. உன் கையால வேணாம்.

— யார் கை போட்டா இன்னாங்க? செய்யறது, செய்யச் சொல்றது, சரின்னு பாத்துக்கினு நிக்கறது, மூணும் ஒண்ணுதான். இத்தினி வருசம் மடத்துக்கு வந்தீங்க, இதுகூட காதுல விழலையா? எனக்காகத்தான் அதுங்க சாவுது. நானே போடறேன்.

— ஒரு நிமிஷம்மா, ட்யூப வெட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இதுக்கு வேற எதுவும் தடவலையே? மாட்டுக்கு அடிக்கற உண்ணி மருந்து, நாய்க்குப் போடறது, எதுவும்? போன மாசம் ஒருத்தர் நல்லது பண்றேன்னு மாட்டு மருந்தப் பூனைக்குத் தேய்ச்சுக் கொண்டு வந்தாரு. பூனைக்கு அது விஷம். எச்சில் வடியும், உதறும், அப்புறம் ஜன்னி கண்டுடும். அதுமேல இன்னொரு மருந்து போட்டா தாங்காது.

— தெள்ளுக்கே நெழலு பாத்து விடறவ டாக்டர் இவ. இவ எங்க போயி மருந்து தடவப் போறா.

— அதுவும் சரிதான். இந்தாங்கம்மா. முடிய ரெண்டு பக்கமும் ஒதுக்குங்க, தோல் தெரியணும். தெரியுதா?

— தெரியுது. மல்லி, அசையாதடி. தோ, ஆயிடும். நீங்களும் என்ன மன்னிச்சிக்கங்க, உள்ள எத்தினி பேரு இருக்கீங்களோ.

— பத்மா.

— கையப் புடிக்காதீங்க, சிந்திடும்.

— போடாத. பத்மா, போடாத.

— இவ்ளோ நேரம் போடு போடுன்னு நீங்கதான சொன்னீங்க. இப்ப இன்னா?

— நேத்து சாயந்திரம் நீ மடத்துக்குப் போயிருந்தப்ப, பக்கத்து வூட்டு ராஜாங்கத்தோட மாட்டுக் கொட்டாய்லருந்து உண்ணி மருந்து வாங்கியாந்து, இதுக்கு உடம்பு பூரா நான்தான் தேய்ச்சேன். உன் விரதம் கெட வேணாம், பாவம் என்னோட போவட்டும்னுதான் பத்மா.