பரலோகம் முதல்ல, பாவம் அப்புறம்

இல்ல, நீயே சொல்லு கண்ணு, பாவி அழறதுக்கு முன்னாடியே பரலோகத்துக் கதவு எப்படித் தெறக்கும்? எங்கப்பா எழுதுன பாட்டு அது. மொத சரணத்துல பாவி முழங்கால் போட்டு அழறான். ரெண்டாவதுல மேல போறான். அதான மொறை? இந்த அலபாமா மலைல ஒரு சபையிலயாவது அப்படிப் பாடறாங்களா? நீ எங்க சபைப் பியானோவுக்குப் புதுசு, ஒனக்குத் தெரியாது... எல்லாம் எங்கக்கா பண்ண வேலை. அதோ, சபை விருந்துல கோழி வறுவல் மேசைகிட்ட நீலத் தொப்பி போட்டுட்டுச் சிரிக்கிறா பாரு, ஒலீட்டா.

சின்ன வயசுல நானும் அவளும் அதப் பாடி, டவுன் ரேடியோ ஸ்டேஷன்லதான் இசைத்தட்டு பதிஞ்சாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மைக்கு. என் தொண்டை பெருசாம், என்னையச் சுவரோரமாத் தள்ளி நிக்க வச்சாங்க, அது வேற கதை... அப்பல்லாம் தப்பாப் பாடுனா அழிக்க முடியாது, தட்டே வீண். சிவப்பு லைட்டு எரிஞ்சுது. இவ வாயத் தெறந்தா பாரு, மொத சரணத்த விட்டுட்டு நேரா பரலோகம். நான் என்ன பண்ணுவேன்? என்னைய மாதிரி கூடவே மேல்சுரம் பாடறவ, மெட்டு எடுக்கறவ வாயப் பாத்துத்தான் பாடணும். அவ போற எடத்துக்குப் போகணும். போயிட்டேன். எங்கப்பா ஒரு வாரம் எங்ககூட ஒக்காந்து சாப்புடல.

அந்த இசைத்தட்டத் தெனமும் காலைல ரேடியோல போட்டாங்க. சனங்க அதக் கேட்டே பாடம் பண்ணிட்டாங்க. இப்ப நான் சரியாப் பாடுனா, என்னையப் பாத்து, 'வெர்டீக்கு ஞாபகம் தப்பிருச்சு'ங்கறாங்க. பாஸ்டரே சிரிக்கிறாரு.

நாளைக்கு இவ மகன் இவள டெக்சஸுக்குக் கூட்டிட்டுப் போறான். இந்த வயசுல போனா எங்க திரும்பி வரப்போறா... நாங்க சேந்து பாடறது இன்னிக்குத்தான் கடைசி. ஒரே ஒரு தடவ எங்கப்பா எழுதுன மாதிரி பாடிட்டா எனக்கு மனசு ஆறிரும். நீ பியானோல ஒக்காந்ததும், 'மொத சரணம், பாவி அழறது'ன்னு சத்தமாச் சொல்லிரு. நான் சொன்னா சண்டையாயிரும். என்ன, அவளப் பாத்தா பயமா? புட்டிங் எடுக்கப் போறியா? சரி போ. அந்தக் கண்ணாடிக் கிண்ணத்துல இருக்கறது நான் செஞ்சது, அவளோடதுல ஒரே சக்கரை...

அடிப்பாவி, இந்தப் பொண்ணு நேரா பியானோவுக்கே போயிட்டா. சொல்றாளா? எங்க, தலையக் குனிஞ்சுட்டு வாசிக்க ஆரம்பிச்சுட்டா. போச்சு, ஒலீட்டா எடுத்துட்டா. அதே பரலோகம். என்னையத்தான் தேடறா. தேடட்டும், நல்லாத் தேடட்டும். இன்னிக்கு நான் எந்திரிக்க மாட்டேன்.

மேல்சுரம் இல்லாம எப்படி மொட்டையா இருக்கு பாரு... இந்தச் சாப்பாட்டுத் தட்டப் புடிங்கப்பா, கொஞ்சம் வழி விடுங்க. நான் போகலன்னா அங்க தனியாவா நிப்பா?